எழுதிய பேனாவும் எழுதிய கடிதமும்: ஹூ, விச், தட் தடுமாறாமல் எழுத

வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கடிதத்தில் "தி கம்பெனி விச் ஐ வொர்க்ட்" என்று எழுதியிருந்தேன். நான் வேலை பார்த்த கம்பெனி என்று சொல்ல நினைத்தேன், அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்பவும் செய்தேன். படித்துப் பார்த்த நண்பர் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "ஃபார் எங்கே?" என்று கேட்டார். எந்த ஃபார்? தமிழில் அந்த இடத்தில் அப்படி எதுவும் வருவதில்லையே என்று முழித்தேன்.

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. "ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச்" என்பது பள்ளியிலேயே மனப்பாடம் ஆகிவிட்ட விதி, அது தெரியாமல் யாரும் தப்பு செய்வதில்லை. வாக்கியம் நம் தலைக்குள் முதலில் தமிழில் உருவாகிறது, தமிழ் சில விஷயங்களைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது, ஆங்கிலமோ அதை வாய்விட்டுச் சொல் என்கிறது. அதனால் ஹூ, விச், தட் என்ற இந்த ரிலேட்டிவ் புரொனவுன்களைப் படிக்க ஆங்கிலத்திலிருந்து தொடங்குவதைவிட, தமிழில் நாம் என்ன செய்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது நல்லது. பத்து நிமிஷம் ஆகும், ஆனால் பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

"எழுதிய" என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் எழுதினாள் என்பதை வைத்து, ஒரு பெயரை வர்ணிக்கிற சொல்லாக மாற்றினால் எழுதிய. பள்ளியில் பெயரெச்சம் என்று படித்தது இதுதான். நன்னூல் இதைச் சொல்லும்போது ஆறு வகைப் பெயர்களை இது ஏற்கும் என்கிறது: செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். போட்டுப் பார்ப்போம்.

எழுதிய பெண். எழுதிய பேனா. எழுதிய மேசை. எழுதிய எழுத்து. எழுதிய நாள். எழுதிய கடிதம்.

ஆறு இடத்திலும் "எழுதிய" ஒரு எழுத்துகூட மாறவில்லை, கவனித்தீர்களா? பெண் எழுதினாள், சரி. பேனா எழுதவில்லை, பேனாவால் எழுதினாள். மேசையில் வைத்து எழுதினாள். அந்த நாளில் எழுதினாள். கடிதத்தை எழுதினாள். அப்படியானால் ஆல், இல், ஐ என்ற உருபுகளெல்லாம் எங்கே போயின? பெயரெச்சம் விழுங்கிவிட்டது. கேட்கிறவருக்குப் பேனா எதற்குப் பயன்படும் என்று தெரியும் என்பதால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. எப்போதாவதுதான் வரும்: பழைய உரையாசிரியர்கள் "புலி கொல் யானை" என்று ஒன்றைக் காட்டுவார்கள், புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அதே ஆறையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால்:

எழுதிய பெண்: "தி உமன் ஹூ ரோட்."
எழுதிய கடிதம்: "தி லெட்டர் விச் ஷீ ரோட்."
எழுதிய பேனா: "தி பென் விச் ஷீ ரோட் வித்."
எழுதிய மேசை: "தி டேபிள் விச் ஷீ ரோட் அட்."
எழுதிய நாள்: "தி டே வென் ஷீ ரோட்", அல்லது "தி டே ஆன் விச் ஷீ ரோட்."

ஆறாவதான "எழுதிய எழுத்து" அன்றாடம் தேவைப்படுவதில்லை, விட்டுவிடலாம். மற்ற ஐந்தில் பாருங்கள், தமிழ் விழுங்கிய ஆல், இல் போன்ற உருபுகள் ஆங்கிலத்தில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன. பேனாவோடு வித், மேசையோடு அட், நாளோடு ஆன். "தி பென் விச் ஷீ ரோட்" என்று நிறுத்திவிட்டால் ஆங்கிலக்காரர் காதில் அது கடிதத்தை எழுதியதுபோலப் பேனாவையே எழுதினாள் என்று விழும். என்னுடைய "கம்பெனி விச் ஐ வொர்க்ட்" தப்பும் இதே ரகம்தான். ஐ வொர்க்ட் ஃபார் தி கம்பெனி என்பதில் இருந்த ஃபாரை நான் தமிழ்ப் பாணியில் விழுங்கியிருந்தேன்.

எப்படிக் கட்டுவது

சரி, ஒவ்வொரு தடவையும் நன்னூலை நினைத்துக்கொண்டா எழுத முடியும்? வேண்டாம். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன்.

"அவள் எழுதிய பேனா தொலைந்துவிட்டது" என்பதை இரண்டு குட்டி ஆங்கில வாக்கியமாக்கினால் "தி பென் இஸ் லாஸ்ட்" என்றும் "ஷீ ரோட் வித் தி பென்" என்றும் வரும். இரண்டிலும் வரும் சொல் பென். இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும் "தி பென்" என்பதைத் தூக்கிவிட்டு அதற்குப் பதில் விச் போடுங்கள்: "ஷீ ரோட் வித் விச்." அந்த விச்சை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோங்கள்: "விச் ஷீ ரோட் வித்." இதை அப்படியே முதல் வாக்கியத்தின் பென்னுக்குப் பக்கத்தில் செருகினால் "தி பென் விச் ஷீ ரோட் வித் இஸ் லாஸ்ட்." முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, விச் தன் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் முன்னால் போகிறது. காலியான இடம் காலியாகவே இருக்க வேண்டும். "தி புக் விச் ஐ பாட் இட் இஸ் மிஸ்ஸிங்" என்று எழுதுகிறவர்கள் அந்தக் காலி இடத்தில் இட் போட்டு அடைக்கிறார்கள். இதுவும் சும்மா வரவில்லை, "எந்தப் புத்தகத்தை வாங்கினேனோ அதைக் காணோம்" என்று தமிழில் எந்த, அது என்று ஜோடியாகச் சொல்லிப் பழகிய நாக்கு. ஆங்கிலத்தில் விச்தான் அந்த இட். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி, ஒருவர்தான் உட்கார முடியும். "தி பாய் ஹூ ஹி கேம்", "தி ஃப்ரெண்ட் ஹூம் ஐ மெட் ஹிம்" எல்லாமே இதே தவறு.

வரிசை விஷயத்தில் ஒரு வேடிக்கை. தமிழில் வர்ணனை முன்னால் வரும், பெயர் கடைசியில் வரும். "நேற்று நூலகத்தில் எனக்கு உதவிய பெண்" என்பதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: பெண், உதவிய, எனக்கு, நூலகத்தில், நேற்று. இப்போது ஆங்கிலம்: "தி உமன் ஹூ ஹெல்ப்ட் மீ இன் தி லைப்ரரி யெஸ்டர்டே." கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ். உதவிய பெண், விழுந்த மரம் என்று பெயரே செய்பவராக இருக்கும்போது இந்தத் தலைகீழ் வித்தை பெரும்பாலும் வேலை செய்யும். "அவள் எழுதிய கடிதம்" என்று வேறு ஒருவர் செய்பவராக உள்ளே வந்தால் மட்டும் அவரை வினைக்கு முன்னால் நிறுத்த வேண்டும்: லெட்டர், விச், ஷீ, ரோட். நீளமான வாக்கியத்தில் தலை சுற்றினால் முதலில் பெயரைச் சொல்லிவிடுங்கள், பிறகு ஹூ அல்லது விச், அப்புறம் மிச்சக் கதை.

வித், ஃபார் போன்ற பிரிபொசிஷன் கடைசியில் தொங்கலாமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், நாடக ஆசிரியர் பென் ஜான்சன் வாக்கியக் கடைசியில் பிரிபொசிஷன் வைத்ததைக் குறை சொன்னார். அந்தக் குறை பிற்பாடு விதியாகவே ஊறி, தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பேசும்போதும் சாதாரணமாக எழுதும்போதும் கடைசியில் வைப்பதுதான் இயல்பு. விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை மாதிரி விறைப்பான இடங்களில் முன்னால் கொண்டுவரலாம்: "தி பென் வித் விச் ஷீ ரோட்." எங்கே வைத்தாலும் சரி, ஒரே தடவை வையுங்கள். "வித் விச் ஷீ ரோட் வித்" என்று முன்னாலும் பின்னாலும் காவல் போடுவதைப் பெரிய அலுவலகக் கடிதங்களிலேயே பார்த்திருக்கிறேன்.

முன்னால் கொண்டுவந்தால் தட் உதவாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். "தி பென் தட் ஷீ ரோட் வித்" சரி. "தி பென் வித் தட் ஷீ ரோட்" தப்பு.

ஆளா, பொருளா

இது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட். ஆளுக்குத் தட் போடுவது தப்பு என்று சிலர் சொல்வார்கள், இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் ஹூ கொஞ்சம் மரியாதையாக ஒலிக்கும், நான் ஹூ தான் போடுவேன். பெயர் வைத்து வளர்க்கிற நாய்க்கு ஹூ போடலாம், தெருவில் ஓடுகிற நாய்க்கு விச் அல்லது தட். நிறுவனம், குழு என்றால் விச். குழுவை அதில் இருக்கும் ஆட்களாக நினைத்துப் பேசினால் ஹூவும் வரும், அதைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதிகம் பார்க்கலாம்.

ஆளுக்கு விச் போடுவது ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் பரமண்டல ஜெபம் "அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்" என்றுதான் தொடங்கும். கடவுளுக்கே விச். இன்று அப்படி எழுதினால் தப்பு.

ஹூம் எப்போது

ஹூம் என்றாலே பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம், மரியாதைக்காக எல்லா இடத்திலும் ஹூம் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். சோதனை ரொம்பச் சின்னது. இரண்டாக உடைத்த வாக்கியத்தில் ஹி வருமா, ஹிம் வருமா? ஹி வந்தால் ஹூ. ஹிம் வந்தால் ஹூம். இரண்டு எம்-மும் ஒன்றாகப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் சந்தித்த டாக்டர்": ஐ மெட் ஹிம். அதனால் "தி டாக்டர் ஹூம் ஐ மெட்." "என்னைக் காப்பாற்றிய டாக்டர்": ஹி சேவ்ட் மீ. அதனால் "தி டாக்டர் ஹூ சேவ்ட் மீ." பெரும்பாலும் தமிழையே கேட்கலாம், அவரைச் சந்தித்தேன் என்று ஐ உருபு வந்தால் ஹூம், அவர் காப்பாற்றினார் என்று வெறுமனே வந்தால் ஹூ.

ஆனால் ஒரு இடத்தில் தமிழ் நம்மைக் கவிழ்த்துவிடும். "மேனேஜர் என்று நான் நினைக்கிற ஆள்." தமிழில் "அவரை மேனேஜர் என்று நினைக்கிறேன்" என்று ஐ போட்டும் சொல்லலாம், அதை நம்பி "தி மேன் ஹூம் ஐ திங்க் இஸ் தி மேனேஜர்" என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது "ஐ திங்க் ஹி இஸ் தி மேனேஜர்." ஹி தான் வருகிறது, ஆகவே ஹூ: "தி மேன் ஹூ ஐ திங்க் இஸ் தி மேனேஜர்." ஐ திங்க், ஐ பிலீவ், தே சே போன்ற துண்டுகள் நடுவில் நுழைந்திருந்தால் அதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள், "தி மேன் ஹூ இஸ் தி மேனேஜர்" என்று தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் சறுக்குகிற இடம் இது, அதனால் சறுக்கினால் வெட்கப்பட வேண்டாம்.

பேச்சில் ஹூம் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. "தி டாக்டர் ஹூ ஐ மெட்" என்றாலோ வெறுமனே "தி டாக்டர் ஐ மெட்" என்றாலோ யாரும் புருவம் தூக்கமாட்டார்கள். பிரிபொசிஷன் நேராக முன்னால் வந்துவிட்டால் மட்டும் ஹூம்தான்: "டு ஹூம்", "வித் ஹூம்", "ஃபார் ஹூம்." "தி ஃப்ரெண்ட் வித் ஹூ ஐ டிராவல்ட்" என்று எழுதாதீர்கள்.

ஹூஸ், அதன் இரட்டைப் பிறவி

உடைய என்ற பொருள் வரும் இடத்தில் ஹூஸ். "தி மேன் ஹூஸ் கார் வாஸ் ஸ்டோலன்": எவருடைய கார் திருடு போனதோ அவர். தமிழில் இதையும் "கார் திருடு போன மனிதர்" என்று உடையவை விழுங்கிவிட்டுச் சொல்லிவிடுகிறோம், அதனால்தான் "தி மேன் ஹூ ஹிஸ் கார் வாஸ் ஸ்டோலன்" என்று வருகிறது. ஹூவையும் ஹிஸ்ஸையும் சேர்த்து ஒரே சொல்லாக உருக்கினால் ஹூஸ். அதற்குப் பிறகு தி, ஏ எதுவும் வராது, "ஹூஸ் தி கார்" என்று எழுதக்கூடாது.

பொருளுக்கு ஹூஸ் வராது என்று நினைத்து "தி ஹவுஸ் தி ரூஃப் ஆஃப் விச் லீக்ஸ்" என்று மூச்சு முட்ட எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் "தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்" என்றே எழுதலாம். பொருளுக்கும் ஹூஸ் நூற்றாண்டுகளாக வழக்கில் இருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் ஒரு எச்சரிக்கை. ஹூ இஸ், ஹூ ஹேஸ் இரண்டையும் சுருக்கினால் ஹூவுக்குப் பிறகு அப்போஸ்ட்ரஃபி (') குறி போட்டு எஸ் வரும். உடைமைக்கான ஹூஸ் டபிள்யூ, ஹெச், ஓ, எஸ், ஈ. உச்சரிப்பு ஒன்றே என்பதால் கை தானாகத் தப்பு செய்யும். ஹூ இஸ் என்று நீட்டிப் படித்துப் பாருங்கள், பொருள் வந்தால் குறி போடுங்கள், வராவிட்டால் ஈ போடுங்கள்.

எல்லாம் என்ற சொல்லுக்குப் பின்னால்

"ஆல் வாட் ஹி செட் இஸ் ட்ரூ." இதைக் கேட்காத நாளில்லை. அவர் சொன்னதெல்லாம் உண்மை என்பதுதான் உள்ளே இருக்கிறது. வாட் என்றால் ஏற்கெனவே "எதுவோ அது" என்று பொருள், பெயரும் ரிலேட்டிவ் புரொனவுனும் அதற்குள்ளேயே அடக்கம். அதனால் அதற்கு முன்னால் ஆல், எவ்ரிதிங், நத்திங், தி திங் என்று இன்னொரு பெயர் வைக்க முடியாது. "வாட் ஹி செட் இஸ் ட்ரூ" சரி. "எவ்ரிதிங் தட் ஹி செட் இஸ் ட்ரூ" சரி. இரண்டையும் கலந்தால் தப்பு. சும்மா அவர் சொன்னது என்று நிறுத்தினால் வாட், சொன்னதெல்லாம் என்று நீட்டினால் எவ்ரிதிங் தட்.

ஆல், எவ்ரிதிங், எனிதிங், நத்திங், அப்புறம் பெஸ்ட், ஃபர்ஸ்ட், ஒன்லி போன்ற சொற்கள் வந்த பிறகு, பொருளாக இருந்தால், விச்சைவிடத் தட் நன்றாகப் பொருந்தும். "தி பெஸ்ட் ஆன்ஸர் தட் ஐ காட்." விச் போட்டால் உலகம் இடிந்துவிடாது, காதுக்குக் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான்.

எப்போது விட்டுவிடலாம்

ஹூ, விச், தட் மூன்றையும் சில இடங்களில் சொல்லாமலே விடலாம். எங்கே என்று கண்டுபிடிக்க, அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஐ, ஷீ, தே, மை பிரதர் என்று புதிதாக ஒரு ஆள் நின்றால் விடலாம்: "தி லெட்டர் ஷீ ரோட்", "தி பென் ஷீ ரோட் வித்." வினை நேராக நின்றால் விடக்கூடாது. "தி உமன் ஹெல்ப்ட் மீ யெஸ்டர்டே இஸ் எ டாக்டர்" என்று எழுதினால் படிக்கிறவர் யெஸ்டர்டேயோடு வாக்கியம் முடிந்தது என்று நினைத்து, இஸ் வந்ததும் திகைத்துத் திரும்பப் படிப்பார். அங்கே ஹூ கட்டாயம். காற்புள்ளி போட்ட வாக்கியத்திலும் விடக்கூடாது, அதற்குக் கீழே வருகிறேன்.

வேர் என்ற வலை

இடம் என்று கண்டாலே வேர் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. "தி சிட்டி வேர் ஐ விசிட்டட்." தப்பு. ஏன்? இரண்டாக உடையுங்கள். "ஐ விசிட்டட் தி சிட்டி." நடுவில் இன், அட் எதுவும் இல்லை, நகரம் இங்கே வெறும் செயப்படுபொருள், கடிதம் மாதிரி. அதனால் "தி சிட்டி விச் ஐ விசிட்டட்", அல்லது "தி சிட்டி ஐ விசிட்டட்." இதே நகரத்தில் குடியிருந்தால் "ஐ லிவ்ட் இன் தி சிட்டி", இன் வருகிறது, அப்போது "தி சிட்டி வேர் ஐ லிவ்ட்." வேர் என்பது இன் விச், அட் விச் என்பவற்றின் சுருக்கம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. உடைத்த வாக்கியத்தில் பிரிபொசிஷன் இருந்தால் வேர், இல்லாவிட்டால் விச். அப்புறம் "வேர் ஐ லிவ்ட் இன்" என்று எழுதாதீர்கள், இன் ஏற்கெனவே வேருக்குள் போய்விட்டது.

வென்னும் அப்படியே. "தி டே வென் வி மெட்" சரி, "தி டே ஐ வில் ரிமெம்பர்" என்றால் நாளே நினைவில் வைக்கப்படும் பொருள், வென் வராது. காரணத்துக்கு "தி ரீசன் வை", "தி ரீசன் தட்" இரண்டும் நடக்கும். "தி ரீசன் விச் ஐ லெஃப்ட்" நடக்காது, ஃபார் விச் என்றால் நடக்கும்.

காற்புள்ளி: ஒரு அண்ணனா, பல அண்ணன்களா

இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள், ஏனென்றால் தமிழில் இதற்கு இணையே கிடையாது. "வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் நாளை வருகிறார்." எனக்கு எத்தனை அண்ணன்கள்? இந்த வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே அண்ணன், அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று கூடுதல் தகவலாகச் சொல்லியிருக்கலாம். மூன்று அண்ணன்கள், அதில் வெளிநாட்டுக்காரர் வருகிறார் என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது இதை முடிவு செய்துவிட்டுத்தான் எழுத முடியும்.

"மை பிரதர், ஹூ லிவ்ஸ் அப்ராட், இஸ் கமிங் டுமாரோ." இரண்டு பக்கமும் காற்புள்ளி. ஒரே அண்ணன். நடுவில் இருப்பதைத் தூக்கினாலும் யாரைப் பற்றிப் பேச்சு என்பது மாறாது.

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட் இஸ் கமிங் டுமாரோ." காற்புள்ளி இல்லை. பல அண்ணன்களில் இவர். நடுவில் இருப்பதைத் தூக்கினால் எந்த அண்ணன் என்ற கேள்வி வரும்.

அலுவலக மின்னஞ்சலில் இது விளையாட்டில்லை. "தி ஊழியர்கள் ஹூ கேம் லேட்" என்று மனதுக்குள் ஓடுவதை "தி எம்ப்ளாயீஸ், ஹூ கேம் லேட், வில் நாட் பி பெய்ட்" என்று காற்புள்ளியோடு தட்டிவிட்டால் எல்லா ஊழியர்களும் தாமதமாக வந்தார்கள், யாருக்கும் சம்பளம் இல்லை என்று ஆகிவிடும். காற்புள்ளியை எடுத்தால் தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும்.

காற்புள்ளிக்குப் பிறகு தட் வராது, ஹூ அல்லது விச்தான். பெயர்ச்சொல்லே தனித்துக் காட்டிவிடுகிற இடத்தில், அதாவது ஒருவரின் பெயர், சூரியன், நிலா, என் அம்மா என்றெல்லாம் வரும்போது, கண்ணை மூடிக்கொண்டு காற்புள்ளி போடலாம். எனக்கு ஒரே அம்மா.

காற்புள்ளி இல்லாத இடத்தில் விச் போடலாமா, தட் மட்டும்தானா? 1926-இல் ஃபவுலர் தன் ஆங்கில வழக்கு அகராதியில், காற்புள்ளி இல்லாவிட்டால் தட், இருந்தால் விச் என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்குமே என்று யோசனை சொன்னார். எல்லோரும் அப்படி எழுதுவதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாளர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள், பிரிட்டிஷ் எழுத்தில் இரண்டும் சகஜம். அமெரிக்கப் பத்திரிகைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதினால் தட் போட்டுவிடுங்கள். மற்றபடி இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்புள்ளி இருக்கும் இடத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. "ஐ ஹேவ் த்ரீ சிஸ்டர்ஸ், ஆல் ஆஃப் தெம் ஆர் டாக்டர்ஸ்" என்று நாம் எழுதுவோம். இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டியிருக்கிறோம், அந்தப் பசை ஆங்கிலத்தில் பிடிக்காது. தெம் என்பதை ஹூம் ஆக்குங்கள், ஒட்டிக்கொள்ளும்: "ஆல் ஆஃப் ஹூம் ஆர் டாக்டர்ஸ்." பொருளாக இருந்தால் "ஆல் ஆஃப் விச்", "மெனி ஆஃப் விச்."

வினை யாரைப் பார்த்து மாறும்

ஹூவுக்கு என்று ஒருமை பன்மை கிடையாது, தனக்கு முன்னால் இருக்கும் பெயரிடம் கடன் வாங்கும். "தி பாய் ஹூ இஸ்", "தி பாய்ஸ் ஹூ ஆர்." குழப்புவது "ஒன் ஆஃப்" தான். "ஷீ இஸ் ஒன் ஆஃப் தி ரைட்டர்ஸ் ஹூ ஆர் ஆல்வேஸ் லேட்." எப்போதும் தாமதம் செய்கிற எழுத்தாளர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் இவள் ஒருத்தி. தாமதம் செய்வது கூட்டம், அதனால் ஆர். "தி ஒன்லி ஒன் ஆஃப் தி ரைட்டர்ஸ்" என்று வந்தால் அந்தக் கூட்டத்தில் இவள் மட்டும்தான் தாமதம், அப்போது இஸ்.

பக்கத்தில் இருப்பதுதான் சொந்தம்

ஹூவும் விச்சும் பக்கத்தில் இருக்கும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். "ஐ கேவ் தி பேக் டு மை ஃப்ரெண்ட் விச் வாஸ் டோர்ன்" என்று எழுதினால் கிழிந்தது பையா நண்பரா என்று ஒரு நொடி தடுக்கும். பைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், அல்லது "தி டோர்ன் பேக்" என்று சுருக்கிவிடுங்கள்.

சில சமயம் விச் முழு வாக்கியத்தையே சுட்டும். "ஹி கேம் லேட், விச் அனாய்ட் எவ்ரிஒன்." இங்கே விச் என்பது அவர் தாமதமாக வந்தது என்ற விஷயம். காற்புள்ளி கட்டாயம். ஆனால் "ஷீ லாஸ்ட் தி ஃபைல், விச் வாஸ் அன்ஃபார்ச்சுனேட்" என்றால் துரதிர்ஷ்டம் பிடித்தது ஃபைலா தொலைத்ததா? இப்படி இரண்டு பக்கமும் இழுத்தால் விச்சை விட்டுவிட்டு முற்றுப்புள்ளி வைத்துப் புதிதாகத் தொடங்குவதுதான் நல்லது.

கடைசியாக ஒன்று, மின்னஞ்சல் எழுதும்போது. "தி ஃபைல் விச் அட்டாச்ட்" என்று எழுதுகிறோம். இணைக்கப்பட்ட ஃபைல் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. அட்டாச்ட் அங்கே முழு வினையாக நிற்க முடியாது, துணைக்கு ஒரு இஸ் வேண்டும்: "தி ஃபைல் விச் இஸ் அட்டாச்ட்." அதைவிடச் சுருக்கமாக, விச்சையும் இஸ்ஸையும் ஒன்றாகத் தூக்கிவிடலாம்: "தி ஃபைல் அட்டாச்ட்." "தி மேன் ஹூ இஸ் ஸ்டாண்டிங் தேர்" என்பதும் "தி மேன் ஸ்டாண்டிங் தேர்" ஆகும். தூக்குவதானால் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும். விச்சை வைத்துக்கொண்டு இஸ்ஸை மட்டும் தூக்கினால் "ஃபைல் விச் அட்டாச்ட்", இஸ்ஸை வைத்துக்கொண்டு ஹூவை மட்டும் தூக்கினால் "தி மேன் இஸ் ஸ்டாண்டிங் தேர் இஸ் மை பாஸ்." இரண்டுமே ஓடாது.